சர்க்கரை நோய் இருக்கும்போது எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை: எந்த வரிசையில் முடிவெடுப்பது

சர்க்கரை வந்த ஐந்தாவது வருடத்தில் நான் பைபாஸ் முறையில் (சின்ன வயிற்றுப் பை செய்து, சிறுகுடலின் முதல் பகுதியைத் தாண்டி இணைப்பது) எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். என் அண்ணனுக்கும் சர்க்கரை உண்டு. அவரும் எல்லாப் பரிசோதனைகளையும் செய்து பார்த்தார், வேண்டாம் என்று முடிவெடுத்தார். நான்கு வருடம் கழித்துத் திரும்பிப் பார்த்தாலும் இரண்டுமே சரியான முடிவு என்றுதான் சொல்வேன்.

மறுபரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் காத்திருக்கும் இடத்தில் புதிதாக வந்தவர்களோடு பேசுவேன். அநேகம் பேர் கேட்கும் முதல் கேள்வி, “எங்கே செய்யலாம், எவ்வளவு ஆகும்?” கடைசியில் வர வேண்டிய கேள்வி அது. முதலிலேயே அதைக் கேட்டால் மருத்துவமனை முடிவாகி, முன்பணம் கட்டி, சொந்தக்காரர்களிடம் சொல்லியும் ஆகிவிடும். அதற்கு மேல் “இது எனக்குப் பொருந்துமா?” என்று கேட்க மனம் வராது.

கீழே உள்ளதை உங்கள் சர்க்கரை மருத்துவரோடு சேர்ந்து செய்யுங்கள். இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம்.

1. முதலில் ஒரு ஃபைல்

கடந்த இரண்டு வருட எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) முடிவுகள். இப்போது எடுக்கும் மருந்துகள், ஒவ்வொன்றும் எந்த வருடம் தொடங்கியது. இன்சுலின் போட்டால் ஒரு நாளைக்கு எத்தனை யூனிட். கிரியாட்டினின் (சிறுநீரகப் பரிசோதனை), கொழுப்பு, தைராய்டு முடிவுகள். இதுவரை எடை குறைக்க என்னென்ன செய்தீர்கள், எவ்வளவு குறைந்தது, எவ்வளவு திரும்பி ஏறியது.

கடைசியில் சொன்னதை யாரும் எழுதி வைப்பதில்லை. ஆனால் இரண்டு பேர் அதைக் கேட்பார்கள்: அறுவை சிகிச்சை நிபுணர், அப்புறம் காப்பீட்டு நிறுவனம். நடைப்பயிற்சி, உணவு நிபுணரின் சீட்டு, நிறுத்திய மருந்து என எதுவாக இருந்தாலும் தேதியோடு எழுதுங்கள். பழைய சீட்டுகள் கிடைத்தால் ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.

பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். மாதவிடாயில் அதிக ரத்தம் போகிறவர்கள் ஹீமோகுளோபினையும் பார்த்து, வீட்டில் குளுக்கோமீட்டரில் எடுத்த அளவுகளையும் ஃபைலில் சேருங்கள். அந்த ஒரே எண்ணை நம்பி இவ்வளவு பெரிய முடிவை எடுக்கக் கூடாது.

2. உங்கள் கணையத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது?

எடையைக் கணக்கிடும் முன்பே இதைப் பாருங்கள். அறுவை சிகிச்சை வயிற்றையும் குடலையும்தான் மாற்றுகிறது. சர்க்கரை இறங்க வேண்டுமென்றால் இன்சுலின் சுரக்கும் செல்கள் கணையத்தில் மிச்சம் இருக்க வேண்டும்.

இதற்கு சி-பெப்டைடு என்ற ரத்தப் பரிசோதனை உண்டு. கணையம் தானாக எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று அது காட்டும். அதே ரத்தத்தில் சர்க்கரை அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் அந்த நேரத்துச் சர்க்கரை தெரியாமல் சி-பெப்டைடு எண்ணைச் சரியாகப் படிக்க முடியாது. சிறுநீரகம் பழுதாகியிருந்தால் இந்த எண் கூடுதலாகத் தெரியும் என்பதால் கிரியாட்டினினும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஒல்லியாக இருந்தபோதே சர்க்கரை வந்தவர்கள், சீக்கிரமே இன்சுலினுக்குப் போனவர்கள் ஜிஏடி எதிர்ப்பொருள் பரிசோதனை (உடம்பே தன் கணையச் செல்களைத் தாக்குகிறதா என்று காட்டுவது) பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். வகை 2 என்று பல வருடம் மாத்திரை கொடுக்கப்பட்ட சிலருக்கு, உண்மையில் மெதுவாக வரும் வகை 1 இருக்கும். வகை 1 உள்ளவர்களுக்கு இந்த அறுவை எடையைக் குறைக்கும், போடும் இன்சுலின் அளவைக் குறைக்கும். ஆனால் இன்சுலினை நிறுத்த முடியாது. நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

அண்ணனுக்கு 14 வருடச் சர்க்கரை. தினமும் 60 யூனிட் இன்சுலின். சி-பெப்டைடு மிகக் குறைவாக வந்தது. “ஆபரேஷன் செஞ்சா ஊசியை விட்டுடலாமா டாக்டர்?” என்ற கேள்வியோடுதான் அவர் போனார். அந்த ஒரு பரிசோதனை பதிலைச் சொல்லிவிட்டது.

3. பி.எம்.ஐ. கணக்கு: இரண்டு கோடுகள்

எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது பி.எம்.ஐ. உயரத்தைக் காலணி இல்லாமல் புதிதாக அளந்துகொள்ளுங்கள். இளம் வயதில் அளந்ததை நினைவில் வைத்துச் சொல்கிறார்கள், அதில் இரண்டு சென்டிமீட்டர் தவறினாலே எண் மாறிவிடும்.

2016-இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல், வகை 2 சர்க்கரை உள்ள ஆசியர்களுக்கு எல்லைகளை 2.5 புள்ளி இறக்கி வைத்தது. நம் உடம்பில் குறைந்த எடையிலேயே வயிற்றுக் கொழுப்பும் சர்க்கரையும் வந்துவிடுகின்றன. அதன்படி 37.5-க்கு மேல் இருந்தால், சர்க்கரை கட்டுக்குள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அறுவை பரிந்துரைக்கப்படும். 32.5 முதல் 37.5 வரை உள்ளவர்களுக்கு, நல்ல மருந்தும் உணவுக் கட்டுப்பாடும் இருந்தும் சர்க்கரை அடங்காவிட்டால் பரிந்துரைக்கப்படும். 27.5 முதல் 32.5 வரை, சர்க்கரை அடங்காவிட்டால் யோசிக்கலாம். 2022-இல் வந்த புதிய வழிகாட்டுதல் இன்னும் தாராளமானது, ஆசியர்களுக்கு 27.5-இலிருந்தே இந்தச் சிகிச்சையை முன்வைக்கலாம் என்கிறது.

160 சென்டிமீட்டர் உயரம் உள்ளவருக்கு இதைக் கிலோவாக மாற்றினால், 27.5 என்பது சுமார் 70 கிலோ, 32.5 என்பது 83, 37.5 என்பது 96.

இரண்டாவது கோடு காப்பீட்டுடையது. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த விதிப்படி பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அல்லது 35-ஓ அதற்கு மேலோ இருந்து, கட்டுப்படாத வகை 2 சர்க்கரை, இதயநோய், கடுமையான தூக்க மூச்சுத்திணறல் போன்ற ஒன்று இருக்க வேண்டும், மற்ற வழிகளை முயன்று பலிக்காமல் போயிருக்க வேண்டும். அதே 160 சென்டிமீட்டருக்கு 35 என்பது கிட்டத்தட்ட 90 கிலோ. அதாவது 84 கிலோ உள்ளவருக்கு மருத்துவர் “செய்யலாம்” என்பார், காப்பீடு “கிடையாது” என்னும். இந்த இடைவெளியில் மாட்டிக்கொண்டு, கடைசி வாரத்தில் கடன் வாங்க ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அப்போது 93 கிலோ, பி.எம்.ஐ. 36.3. இரண்டு கோடுகளையும் தாண்டியிருந்தேன்.

காப்பீட்டுக்காக எடையை ஏற்றிக்கொள்ளலாமா என்று ஒரு தம்பி கேட்டார். கூடவே கூடாது. ஏறும் ஒவ்வொரு கிலோவும் மயக்க மருந்தின் ஆபத்தையும் கல்லீரல் கொழுப்பையும் கூட்டும்.

4. என்ன கிடைத்தால் போதும் என்று ஒரு வரியில் எழுதுங்கள்

“சர்க்கரை போயிடும்” என்று கேள்விப்பட்டுத்தான் எல்லாரும் வருகிறார்கள். மருத்துவர்கள் சொல்வது தணிவு. மருந்துகளை நிறுத்தி மூன்று மாதமாவது ஆன பிறகும் எச்பிஏ1சி 6.5-க்குக் கீழே இருந்தால் அதற்குப் பெயர் தணிவு. அது வரும், சிலருக்கு நிற்கும், பலருக்குச் சில வருடங்களில் திரும்பும்.

அமெரிக்காவில் கிளீவ்லேண்ட் கிளினிக் 150 பேரை வைத்து நடத்திய ஸ்டாம்பீட் ஆய்வின் ஐந்து வருட முடிவு 2017-இல் வந்தது. எச்பிஏ1சி 6 அல்லது அதற்குக் கீழே இருந்தவர்கள்: மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 சதவீதம், ஸ்லீவ் (வயிற்றின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் முறை) செய்தவர்களில் 23, பைபாஸ் செய்தவர்களில் 29. மருந்தோடு அந்த அளவில் இருந்தவர்களும் இதில் சேர்த்திதான். 2024-இல் வெளியான, 262 பேரைத் தொடர்ந்து பார்த்த இன்னொரு ஆய்வில் 12 வருடம் கழித்து அறுவை செய்தவர்களில் 12.7 சதவீதம் பேர் தணிவில் இருந்தார்கள். மருந்துப் பிரிவில் ஒருவர்கூட இல்லை. அதே ஆய்வின் ஏழாம் வருடத்தில் அறுவைப் பிரிவின் சராசரி எச்பிஏ1சி 7.2, மருந்துப் பிரிவில் 8.0.

இந்த எண்களை முதலில் படித்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பிறகு மருத்துவர் விளக்கினார்: தணிவு கிடைக்காதவர்களும் குறைந்த மருந்தில் நல்ல கட்டுப்பாட்டோடு பல வருடம் இருக்கிறார்கள், கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் அந்த வருடங்கள் பெரிய லாபம்.

தணிவு கிடைக்க வாய்ப்பு யாருக்கு அதிகம்? சர்க்கரை வந்து ஐந்து வருடத்துக்குள் இருப்பவர்கள், இன்சுலின் போடாதவர்கள், சி-பெப்டைடு நன்றாக உள்ளவர்கள், வயது குறைந்தவர்கள். வயது, எச்பிஏ1சி, மாத்திரை வகை, இன்சுலின் ஆகியவற்றை வைத்து 0 முதல் 22 வரை மதிப்பெண் போடும் டயாரெம் என்ற கணக்கு இருக்கிறது. மதிப்பெண் குறைந்தால் வாய்ப்பு அதிகம். உங்களுடையதைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு அந்த ஒரு வரியை எழுதுங்கள். நான் எழுதியது: “மாத்திரை ஒன்றாகக் குறைந்து, முட்டி வலி இல்லாமல் மாடி ஏறினால் போதும்.” இன்று 68 கிலோ, மெட்ஃபார்மின் மாத்திரை ஒன்று, எச்பிஏ1சி 6.1. “சர்க்கரையே போக வேண்டும்” என்று எழுதியிருந்தால் இதே நிலையில் தோற்றுப்போனதாக அழுதிருப்பேன்.

5. மருந்து வழியை முழுமையாக முயன்றாயிற்றா?

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. கிளிமிபிரைடு, பயோகிளிட்டசோன், இன்சுலின் மூன்றும் எடையை ஏற்றக்கூடியவை. இவற்றை எடுத்துக்கொண்டே “என்ன செய்தும் எடை குறையவில்லை” என்பவர்கள் நிறைய. எடையை ஏற்றாத மருந்துக்கு மாற முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

அப்புறம் எடைக்குறைப்பு ஊசிகள். டிர்செபடைடு 2025 மார்ச்சில் மவுன்ஜாரோ என்ற பெயரில் இந்தியாவுக்கு வந்தது. செமாகுளுடைடின் எடைக்குறைப்பு வடிவமான வீகோவி அதே வருடம் ஜூனில் வந்தது. எடை, சர்க்கரை இரண்டையும் நன்றாகக் குறைக்கின்றன. நிறுத்தினால் இழந்த எடையில் பெரும்பகுதி திரும்புகிறது. ஆகவே மாதச் செலவைப் பத்து வருடத்துக்குப் பெருக்கிப் பார்த்து அறுவைச் செலவோடு ஒப்பிடுங்கள். பி.எம்.ஐ. 27.5-க்கும் 32.5-க்கும் நடுவில் உள்ளவர்கள் முதலில் இந்த ஊசியை முயன்று பார்ப்பது நல்லது என்பது என் கருத்து. வெட்டி எடுத்த வயிற்றைத் திரும்ப ஒட்ட முடியாது.

6. உடம்பு தாங்குமா: முன்பரிசோதனைகள்

கண்: விழித்திரைப் பரிசோதனை கட்டாயம். நீண்ட நாள் உயர்ந்திருந்த சர்க்கரை வேகமாக இறங்கும்போது ஏற்கெனவே உள்ள விழித்திரைப் பாதிப்பு சிலருக்கு மோசமாகும். லேசர் தேவை என்றால் அதை முடித்துவிட்டுத்தான் அறுவை.

தூக்கம்: குறட்டை, பகலில் தூங்கி விழுவது இருந்தால் தூக்கப் பரிசோதனை. மூச்சுத்திணறல் தெரியாமல் மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து.

வயிறு: எண்டோஸ்கோப்பி. நெஞ்செரிச்சல், புண், ஹெச்.பைலோரி கிருமி மூன்றும் எந்த முறை என்பதையே மாற்றக்கூடியவை.

ரத்தம்: பி12, இரும்பு, வைட்டமின் டி. மெட்ஃபார்மின் பல வருடம் எடுத்தவர்களுக்கு பி12 ஏற்கெனவே குறைந்திருக்கலாம். அறுவை அதை இன்னும் குறைக்கும்.

மனம்: சோகம் வந்தால் சாப்பிடுகிறேன், ராத்திரி எழுந்து சாப்பிடுகிறேன் என்றால் அதை மனநல நிபுணரிடம் மறைக்காதீர்கள். குடிப்பழக்கமும் அப்படியே. பைபாஸுக்குப் பிறகு மது ரத்தத்தில் வேகமாக ஏறும், பழக்கம் அடிமைத்தனமாக மாறும் ஆபத்து கூடுகிறது.

7. ஸ்லீவா, பைபாஸா?

ஸ்லீவில் வயிற்றின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துக் குழாய் போல ஆக்குவார்கள். பைபாஸில் சின்ன வயிற்றுப் பை செய்து, சிறுகுடலின் முதல் பகுதியைத் தாண்டி இணைப்பார்கள். சர்க்கரைக் கட்டுப்பாட்டில் பைபாஸுக்குக் கொஞ்சம் கூடுதல் பலன் உண்டு, சத்துக் குறைபாடும் அதில்தான் அதிகம்.

நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு ஸ்லீவ் அதைக் கூட்டலாம். முட்டி வலிக்கு மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போடும் பழக்கம் விடாதவர்களுக்குப் பைபாஸ் ஆபத்து, இணைப்பில் புண் வரும். புகைப்பவர்களுக்கும் அதே புண் வரும். இரண்டு முறைகளையும் செய்யத் தெரிந்த நிபுணரிடம் கேட்டால்தான் உங்களுக்கு ஏற்ற பதில் கிடைக்கும்.

8. அறுவைக்குப் பிந்தைய வாழ்க்கையை இரண்டு வாரம் வாழ்ந்து பாருங்கள்

எந்த மருத்துவமனையும் இதைச் சொல்லவில்லை. நானாகச் செய்தேன், இப்போது கேட்பவர்கள் எல்லாரையும் செய்யச் சொல்கிறேன். சாப்பாட்டைக் குறைப்பது நோக்கமே இல்லை. கிளிமிபிரைடோ இன்சுலினோ எடுப்பவர்கள் குறைத்தால் தாழ்சர்க்கரை வரும். அளவை மாற்றாமல் முறையை மட்டும் மாற்றுங்கள்.

சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காதீர்கள். அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள். அறுவைக்குப் பிறகு இரண்டுக்கும் சேர்த்து இடம் இருக்காது.

ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்லுங்கள். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இருபது முப்பது நிமிடம். வேலைக்குப் போகிறவர்கள் அலுவலக மதிய இடைவேளையிலும் இதைச் செய்து பாருங்கள்.

தட்டில் புரதத்தை முதலில் சாப்பிடுங்கள், சோறு கடைசியில். ஒரு நாளைக்கு 60 கிராம் புரதம் எட்ட முடிகிறதா என்று எழுதுங்கள். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் பனீரில் சுமார் 18, ஒரு கப் வெந்த கொண்டைக்கடலையில் சுமார் 14, ஓர் இட்லியில் 2 மட்டுமே. காலையில் இட்லி, மதியம் சாம்பார் சாதம், இரவு தோசை என்று இருக்கும் வீட்டில் இந்த எண் எட்டாது. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் கஷ்டம். சமைப்பவரும் உங்களோடு உட்கார்ந்து இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். அறுவைக்குப் பிறகு பிசகுவது அநேகமாக இந்த இடத்தில்தான், முடி கொட்டும்போதுதான் புரதத்தின் நினைவு வருகிறது.

தினமும் நான்கைந்து மாத்திரை போடும் நேரத்தில் ஒரு அலாரம் வையுங்கள். வைட்டமின், கால்சியம், இரும்பு, பி12 எல்லாம் ஆயுள் முழுக்க. இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் போடக் கூடாது, கால்சியம் இரும்பை உடம்பில் சரியாகச் சேரவிடாது. பதினான்கு நாளில் எத்தனை நாள் அலாரத்தை அணைத்துவிட்டு மறந்தீர்கள் என்று எண்ணுங்கள்.

இந்த இரண்டு வாரத்தில் ஒரு கல்யாணமோ விருந்தோ வந்தால் நல்லது. “இன்னும் ஒரு கரண்டி” என்று அன்போடு போடுகிறவர்களிடம் வேண்டாம் என்று சொல்ல முடிகிறதா என்று தெரிந்துவிடும்.

குழந்தை பெறும் எண்ணம் உள்ள பெண்கள், அறுவைக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் கருத்தரிக்கக் கூடாது என்பதையும் கணக்கில் எடுங்கள். பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரையை நம்ப முடியாது, வேறு வழியைக் கேட்டு வையுங்கள்.

9. இப்போதுதான் இடமும் பணமும்

அறுவை செய்பவரிடம் கேட்க வேண்டியவை: வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்? தீவிர சிகிச்சைப் பிரிவு இதே கட்டடத்தில் 24 மணி நேரமும் இருக்கிறதா? வெட்டித் தைத்த இடத்தில் கசிவு வந்தால் யார் பார்ப்பார்கள்? சர்க்கரை மருத்துவரும் உணவு நிபுணரும் உங்கள் குழுவில் இருக்கிறார்களா? ஒரு வருடத் தொடர் பரிசோதனை தொகையில் சேர்த்தியா? அனுபவமுள்ள மையங்களில் உயிரிழப்பு ஆயிரத்தில் ஒன்று இரண்டு என்ற அளவில்தான் இருக்கிறது. அந்தப் பாதுகாப்பு அனுபவத்தாலும் வசதியாலும் வருவது, விளம்பரப் பலகையால் வருவதில்லை. இந்தக் கேள்விகளுக்கு எரிச்சல்பட்டால் எழுந்து வாருங்கள்.

சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இந்த அறுவை செய்கிறார்கள். தனியாரில் லட்சக்கணக்கில் செலவழிக்க முடியாதவர்கள் அங்கே விசாரிக்காமல் கடன் வாங்கக் கூடாது.

காப்பீடு இருந்தால் முன்அனுமதிக் கடிதத்தில் பி.எம்.ஐ., எச்பிஏ1சி, இதுவரை முயன்ற சிகிச்சைகள் மூன்றும் இருக்க வேண்டும். முதல் படியில் சேர்த்த ஃபைல் இங்கேதான் கைகொடுக்கும். புதிதாகப் பாலிசி எடுப்பவர்கள் சர்க்கரையை மறைக்காதீர்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதம், மறைத்தது தெரிந்தால் மொத்தமும் போய்விடும்.

10. தேதி குறித்த பிறகு: மருந்துகளை மாற்றும் வரிசை

அறுவைக்கு முன் சுமார் இரண்டு வாரம் மாவுச்சத்து குறைந்த உணவு கொடுப்பார்கள். கொழுப்பு சேர்ந்த கல்லீரல் சுருங்கினால்தான் பின்னால் உள்ள வயிறு தெரியும். அந்த உணவு தொடங்கும் நாளிலேயே கிளிமிபிரைடையும் இன்சுலினையும் எப்படிக் குறைப்பது என்று எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் (சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரைகள்) எடுப்பவர்கள் கூடுதல் கவனம். இவற்றைக் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். மாவுச்சத்து குறைந்த உணவில் இருப்பதால் இன்னும் முன்பே நிறுத்தச் சொல்லலாம். இல்லாவிட்டால் ரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் வரலாம், குளுக்கோமீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறியிருக்காது. வாந்தியும் மூச்சிரைப்பும் வந்தால் “ஆபரேஷன் செஞ்சதால இருக்கும்” என்று விட்டுவிடுகிறார்கள். பல கூட்டு மாத்திரைகளில் இந்த மருந்து ஒளிந்திருக்கும், பட்டையின் பின்புறத்தைப் படியுங்கள்.

எடைக்குறைப்பு ஊசி போடுகிறவர்கள் அதை மயக்க மருந்து மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். வயிறு காலியாக நேரம் எடுக்கும்.

11. “வேண்டாம்” என்றால் அதையும் எழுதுங்கள்

எந்தப் படியிலும் நிறுத்தலாம். நிறுத்தினால் காரணத்தையும், எது மாறினால் திரும்ப யோசிப்பீர்கள் என்பதையும் தேதியோடு எழுதி ஃபைலில் வையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு விளம்பரத்தையும் பார்த்து மறுபடி முதலிலிருந்து குழம்ப வேண்டியிருக்கும்.

அண்ணனின் ஃபைலில் முதல் பக்கத்தில் இருப்பது: “பி.எம்.ஐ. 29. சி-பெப்டைடு குறைவு. ஊசி நிற்காது. வலது கண்ணில் லேசர் பாக்கி. எடை 97 தாண்டினால் திரும்பப் பேசலாம்.” லேசர் முடிந்துவிட்டது. சர்க்கரை மருத்துவர் மருந்துகளை மாற்றிக் கொடுத்தார், இன்சுலின் 60-இலிருந்து 44 யூனிட்டுக்கு இறங்கியிருக்கிறது. போன வாரம் எடை பார்த்தபோது 83.